ஆன் ஆர்பரின் பச்சைப் பலகைகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக மே மாதத் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பருக்கு வருகிறீர்கள். விழா போக மூன்று நாள் கையில் இருக்கிறது. ஊரில் தெருவுக்குத் தெரு வரலாற்றுப் பலகைகள் நிற்பதாக மகள் சொல்லியிருக்கிறாள், அவற்றில் எவற்றைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது கடைசி வரியில் இருக்கிறது: "பலகையில் போட்டிருப்பதை அப்படியே நம்பலாமா?" நாற்பது வருடம் வரலாற்று ஆசிரியராக இருந்தவர் கேட்கும் கேள்வி அதுதான். எதைப் பார்ப்பது என்பதை எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்லிவிடும். அதனால் இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன், பார்க்க வேண்டிய இடங்கள் வழியில் தானாக வந்துவிடும். நான் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் படித்து, மிச்சிகனில் அதே வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். கட்டடம், பத்திரம், பழைய வரைபடம் பற்றியெல்லாம் தைரியமாகப் பேசுவேன். பூர்வகுடிகளின் வரலாறு என் துறை இல்லை. அந்த இடம் வரும்போது ஆவணத்தில் உள்ளதைத் தாண்டி எதுவும் சொல்லமாட்டேன்.

முதலில் பலகை எப்படி வருகிறது என்பது. மிச்சிகனில் கரும்பச்சைப் பின்னணியில் பொன்னிற எழுத்தோடு, தலையில் மாநில முத்திரையோடு நிற்பவை மாநில அரசின் வரலாற்றுப் பலகைகள். 1955இல் இந்தத் திட்டம் தொடங்கியது. ஒரு இடத்துக்குப் பலகை வேண்டும் என்று யாராவது விண்ணப்பித்து, செலவையும் அவர்களே ஏற்க வேண்டும். கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது போலத்தான், ஒரு வித்தியாசம்: இங்கே காசு கொடுத்தவர் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. வாசகத்தை மாநில வரலாற்று ஆணையம் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். எனவே பச்சைப் பலகையில் அப்பட்டமான பொய் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் எந்த இடத்துக்குப் பலகை இருக்கிறது, எதற்கு இல்லை என்பது விண்ணப்பிக்க யாருக்கு வசதியும் அக்கறையும் இருந்தது என்பதைப் பொறுத்தது. படிக்கும்போது முதலில் அடியில் பாருங்கள். "மிச்சிகன் மாநிலத்தின் சொத்து" என்று சின்ன எழுத்தில் போட்டு அதன் பக்கத்தில் ஒரு வருடம் இருக்கும். அது பலகையின் வயது, சம்பவத்தின் வயது இல்லை. 1960களில் எழுதிய வாசகம் எதைப் பெருமையாக நினைத்தது, 1990களில் எழுதியது எதைச் சேர்த்துக்கொண்டது என்பது அந்த ஒரு எண்ணிலேயே பாதி புரியும். பின்பக்கமும் போய்ப் பாருங்கள். பல பலகைகளில் இரண்டு பக்கமும் வெவ்வேறு வாசகம். முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு நகர்பவர்கள்தான் அதிகம்.

பல்கலைக்கழகம், நகராட்சி, சங்கங்கள் வைத்த வெண்கலத் தகடுகளுக்கு அந்த ஆணையத்தின் சரிபார்ப்பு கிடையாது. நகர மையத்தில் உலோகச் சட்டத்துக்குள் கண்ணாடியில் பழைய புகைப்படங்களைப் பதித்து நடைபாதை ஓரம் வைத்திருக்கிறார்கள். என் ருசிக்கு ஊரில் இருப்பதிலேயே அவைதான் மேல். அங்கே என்ன இருந்தது என்பதைப் படமே காட்டிவிடுகிறது, வாசகம் துணைக்குத்தான்.

இனி ஊர்ப்பெயர் கதை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஊரை உருவாக்கிய ஜான் ஆலன், எலிஷா ரம்ஸி இருவரின் மனைவிமார் பெயரும் ஆன், இரண்டு பெண்களும் காட்டுத் திராட்சைப் பந்தலின் கீழ் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், ஆர்பர் என்றால் பந்தல், அதனால் ஆன் ஆர்பர். உறுதியாகத் தெரிவது இவ்வளவு: 1824இன் தொடக்கத்தில் ஆலனும் ரம்ஸியும் ஏக்கர் ஒன்றேகால் டாலர் என்று 640 ஏக்கரை 800 டாலருக்கு வாங்கினார்கள். ஊர் வரைபடத்தை அதே வருடம் மே 25இல் டெட்ராய்ட்டில் பதிவு செய்தார்கள். பெயர் அப்போதே வரைபடத்தில் இருக்கிறது. ரம்ஸியின் மனைவி மேரி ஆன் அப்போது இங்கே இருந்தார். ஆலனின் மனைவி ஆன் ஆலனோ அந்த வருடம் அக்டோபரில்தான் வந்து சேர்ந்தார். ஆக, இரண்டு பேரும் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்து பேசியதால் பெயர் வந்தது என்பதற்குத் தேதி ஒத்துழைக்கவில்லை. மனைவியர் பெயரால் வைத்தார்கள் என்பது நம்பக்கூடியது. பந்தல் என்பது உண்மையில் அங்கே பரவலாக நின்ற ஓக் மரங்களின் நிழலைக் குறிக்கலாம். திராட்சைக் காட்சி பின்னால் வந்த அலங்காரம். பலகைகளில் "என்பர்", "சொல்லப்படுகிறது" என்ற ரகச் சொற்கள் வந்தால் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லை எண்ணி எழுதிய நல்ல உதாரணம் ஒன்றையும் பார்க்கலாம். ஸ்டேட் தெருவில் மிச்சிகன் யூனியன் கட்டடத்தின் முகப்புப் படிகளில் ஒரு வட்டப் பதக்கம் பதித்திருக்கும், பக்கத்துச் சுவரில் தகடு. 1960 அக்டோபர் 14, அதிகாலை 2 மணி. அதிபர் தேர்தலில் எதிர் வேட்பாளரான நிக்ஸனோடு மூன்றாவது விவாதத்தை நியூயார்க்கில் முடித்துவிட்டு ஜான் கென்னடி வில்லோ ரன் விமான நிலையத்தில் இறங்கி இங்கே வந்தார். அந்த நேரத்திலும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் காத்திருந்தார்கள். சில நிமிடமே பேசினார். டாக்டராகப் போகிற உங்களில் எத்தனை பேர் கானாவில் போய் வேலை செய்யத் தயார் என்று கேட்டார். வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமைதிப் படை எனும் பீஸ் கோர் இங்கேதான் பிறந்தது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பேச்சில் பீஸ் கோர் என்ற பெயரே வரவில்லை. செனட்டர் ஹியூபர்ட் ஹம்ப்ரி அதற்கு முன்பே அப்படி ஒரு மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். கென்னடி அந்தப் பெயரோடு திட்டத்தை விரித்துச் சொன்னது நவம்பர் 2இல், சான் பிரான்சிஸ்கோவில். தகட்டைக் கவனமாகப் படியுங்கள்: அறிவித்தார் என்றோ தொடங்கினார் என்றோ இருக்காது. முதலில் வரையறுத்தார் என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லையும் விவாதிக்கலாம், ஆனாலும் எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார். இந்த ஊருக்கு உரிய உண்மையான பெருமை அந்தப் பேச்சுக்கு அடுத்து நடந்தது. மாணவர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி, நாங்கள் போகத் தயார் என்று வேட்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1961 மார்ச் 1இல் அதிபர் உத்தரவாக அது வந்தது, அந்த வருடமே இந்தியாவுக்கும் தொண்டர்கள் வந்தார்கள்.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ரேக்கம் கட்டடம். 1955 ஏப்ரல் 12இல் அதன் அரங்கில் பல்கலையின் தொற்றுநோயியல் பேராசிரியர் தாமஸ் பிரான்சிஸ் எழுந்து, போலியோ தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருகிறது என்று அறிவித்தார். அறிக்கையின் பிரதிக்காகச் செய்தியாளர்கள் முண்டியடித்துக்கொண்டார்கள். இதில் அடிக்கடி கேட்கும் பிழை, ஜோனாஸ் சால்க் தடுப்பூசியை இங்கே கண்டுபிடித்தார் என்பது. சால்க் அதை உருவாக்கியது பிட்ஸ்பர்க்கில். ஆன் ஆர்பரில் 1940களில் பிரான்சிஸிடம் ஆய்வாளராக இன்புளூயன்சா தடுப்பூசியில் வேலை பார்த்தவர் அவர். இந்த ஊரில் நடந்தது மதிப்பீடு: 1954இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற களப்பரிசோதனையின் தரவு முழுவதையும் பிரான்சிஸின் குழு இங்கே அமர்ந்து அலசியது. கணக்குப் பார்த்த வேலை என்பதால் கதையில் எடுபடாமல் போய்விட்டது.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் டெட்ராய்ட் வானாய்வகத்துக்கு அனுப்புவேன். பெயரைப் பார்த்து டெட்ராய்ட்டுக்கு வண்டி பிடிக்க வேண்டாம். ஆன் ஆர்பரிலேயே, பல்கலை மருத்துவமனைப் பக்கத்து மேட்டில் இருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் டெட்ராய்ட்டுக்காரர்கள் என்பதால் அந்தப் பெயர். 1854இல் கட்டியது, பல்கலையின் முதல் தலைவர் ஹென்றி பிலிப் டாப்பனின் கனவு. ஜெர்மன் பாணி ஆராய்ச்சிப் பல்கலையாக இதை மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம், அதனால் முதல் இயக்குநராக ஃபிரான்ஸ் ப்ரூனோவை ஜெர்மனியிலிருந்து அழைத்துவந்தார். மாடியில் ஹென்றி ஃபிட்ஸ் செய்த பன்னிரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தொலைநோக்கி. அதைத் தாங்கும் தூண் தரைக்கு அடியிலிருந்து தனியாக எழும்பி வருகிறது, எங்கும் தளத்தைத் தொடாது. மேலே நீங்கள் நடந்தால் தளம் அதிரலாம், கருவி அசையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கூரைக் கும்மட்டத்தைக் கயிற்றை இழுத்துக் கையால் சுற்றுவார்கள். கீழே கிழக்கு அறையில் பெர்லினில் செய்த நண்பகற்கோட்டு வட்டக்கருவி இன்னும் அதன் பழைய கல்தூண்கள் மேலேயே இருக்கிறது. அந்த அறையில் கூரையிலும் சுவரிலும் வடக்குத் தெற்காக ஒரு நீள வெட்டு. நட்சத்திரம் அந்தக் கோட்டைக் கடக்கும் நொடியைப் பார்த்துக் குறிப்பதுதான் வேலை. அதிலிருந்து கிடைத்த துல்லிய நேரத்தை மிச்சிகன் ரயில்வேக்களுக்குக் கொடுத்தார்கள். ப்ரூனோவின் மாணவர் ஜேம்ஸ் கிரெய்க் வாட்சன் கண்டுபிடித்த 22 சிறுகோள்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டடத்திலிருந்தே. டாப்பனை 1863இல் பல்கலை நிர்வாகக் குழு பதவியைவிட்டு நீக்கிவிட்டது. திறந்திருக்கும் நாட்கள் கொஞ்சம்தான், வருவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். வளாகத்தின் மிகப் பழைய கட்டடம் இது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டம் சவுத் யுனிவர்சிட்டி தெருவில் இருக்கும் தலைவர் இல்லத்துக்கு, 1840. பேராசிரியர்களுக்காகக் கட்டிய நான்கு வீடுகளில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஏஞ்சல் ஹால் முகப்பில், தூண்களுக்கு மேலே ஒரு நீண்ட வாசகம் வெட்டியிருக்கிறது: சமயமும் ஒழுக்கமும் அறிவும் நல்லாட்சிக்கும் மக்கள் இன்பத்துக்கும் தேவையானவை, ஆகவே பள்ளிகளையும் கல்விச் சாதனங்களையும் என்றென்றும் ஊக்குவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1787ஆம் வருட வடமேற்குப் பிரதேசச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இது. அந்தப் பிரிவு அதோடு முடியவில்லை. அடுத்த வாக்கியமே பூர்வகுடிகளிடம் எப்போதும் முழு நேர்மையோடு நடந்துகொள்ள வேண்டும், அவர்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தையும் சொத்தையும் எடுக்கக் கூடாது என்கிறது. கல்லில் முதல் வாக்கியம் மட்டும் ஏறியது. கட்டடத்தில் இடம் அவ்வளவுதான் என்று சொல்லலாம், மறுக்க முடியாது. ஆனால் வளாகத்தில் இரண்டாவது வாக்கியத்தின் பக்கத்தைப் பேசும் தகடு 2002 வரை வரவில்லை.

அந்தத் தகடு வளாகத்தின் நடுவில், தரையோடு ஒட்டியதுபோல் அடக்கமாக இருக்கிறது. தேடித்தான் பார்க்க வேண்டும். 1817 செப்டம்பரில் கையெழுத்தான ஃபோர்ட் மெய்க்ஸ் ஒப்பந்தத்தில் ஓஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி மக்கள் பல்கலைக்கு நிலம் கொடுத்ததைச் சொல்லி நன்றி தெரிவிக்கிறது. இதைப் படித்துவிட்டு, நாம் நிற்கும் மண்தான் அந்த நிலம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவு ஆறு சதுரமைல் நிலத்தை டெட்ராய்ட்டின் புனித அன்னாள் தேவாலயத்துக்கும் அப்போது ஒரு மாதமே ஆகியிருந்த, பின்னால் இந்தப் பல்கலையாக மாறிய டெட்ராய்ட் கல்லூரிக்கும் பாதிப்பாதியாகக் கொடுத்தது. கல்லூரிப் பங்கு 1,920 ஏக்கர். அதில் ஒரு பகுதி ரெய்ஸின் ஆற்றங்கரையில் இருந்தது, மீதி அப்போது இடமே குறிக்கப்படவில்லை. வைத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம் என்று ஒப்பந்தமே சொன்னது, விற்றார்கள். ஆன் ஆர்பர் இருக்கும் நிலம் அதற்குப் பத்து வருடம் முன்பே, 1807இன் டெட்ராய்ட் ஒப்பந்தத்தில் அரசின் கைக்குப் போய்விட்டது. பல்கலை இங்கே வந்தது 1837இல், உள்ளூர் நில நிறுவனம் ஒன்று 40 ஏக்கர் இனாமாகக் கொடுத்ததால். 1817இல் கொடுத்தது தானமா, தங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக ஒப்படைத்த பொறுப்பா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 1971இல் பூர்வகுடிகள் பல்கலைமீது வழக்குப் போட்டார்கள், 1981இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். நீதிமன்றம் சொன்னது சட்டத்தின் பதில். மீதியை அந்தச் சமூகத்தின் வரலாற்றாளர்கள் எழுதுவதைப் படித்துத் தெரிந்துகொள்வதே முறை.

அடிமை முறை எதிர்ப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹியூரான் ஆற்றுக்கு வடக்கே, பான்டியாக் டிரெயில் தெருவில் கை பெக்லி என்ற பாதிரியாரின் செங்கல் வீடு இருக்கிறது. இங்கே உறுதியான சான்று காகிதத்தில் இருக்கிறது: பெக்லியும் தியோடர் ஃபாஸ்டரும் 1841 முதல் 'சிக்னல் ஆஃப் லிபர்ட்டி' என்ற அடிமை எதிர்ப்புப் பத்திரிகையை இந்த ஊரிலிருந்து நடத்தினார்கள், அது 1848 வரை வந்தது. தப்பி வந்த அடிமைகளின் வாக்குமூலங்கள் அதில் அச்சாயின. நகர நூலகம் இதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது, ஊருக்குத் திரும்பிய பிறகும் நிதானமாகப் படிக்கலாம். அவர்களை ஒளித்துவைக்கச் சுரங்கப்பாதை, ரகசிய அறை, ஜன்னலில் விளக்கு என்று வரும் கதைகளை மட்டும் தள்ளியே வையுங்கள். நான் உள்ளே போய்ப் பார்த்த பழைய வீடுகளில் "ஒளிவு அறை" என்று காட்டியது அனேகமாக மழைநீர்த் தொட்டியாகவோ கிழங்கு வைக்கும் நிலவறையாகவோதான் இருந்தது. கனடா எல்லை பக்கத்தில் இருந்த, ஆதரவாளர்கள் நிறைந்த ஊரில் சுரங்கம் தோண்ட அவசியமும் இல்லை. பெக்லி வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாஷ்டனா அவென்யூவும் ஹில் தெருவும் சேரும் முக்கில் ஒரு பாறாங்கல் இருக்கிறது. தினமும் யாராவது பெயிண்ட் அடித்திருப்பார்கள்: பிறந்தநாள் வாழ்த்து, கால்பந்து வெற்றி, காதல், அரசியல். மகளும் நண்பர்களும் ஒருமுறையாவது அடித்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். 1932இல் ஜார்ஜ் வாஷிங்டனின் இருநூறாம் பிறந்தநாளுக்காக நகராட்சி வைத்த நினைவுக்கல் அது. தகடு பெயிண்ட் அடுக்குகளுக்குக் கீழே எங்கோ இருக்கிறது. என் துறைக்காரர்கள் இதற்கெல்லாம் பதற வேண்டும். எனக்குப் பதற்றம் இல்லை, வாஷிங்டனுக்கு வேறு இடங்களில் சிலை இருக்கிறது.

பலகை இருந்தால் கட்டடம் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மாநிலப் பலகையோ தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் பெயரோ இருந்தாலும் தனியார் உரிமையாளர் தன் காசில் இடிப்பதைத் தடுக்க முடியாது. தடுக்கும் அதிகாரம் நகராட்சி அறிவிக்கும் உள்ளூர் வரலாற்றுப் பகுதிக்குத்தான், 1970இன் மாநிலச் சட்டம் அதற்கு வழி செய்தது. ஜெர்மன் குடியேறிகளின் மர வீடுகள் ஓல்ட் வெஸ்ட் சைடு என்ற குடியிருப்புப் பகுதியில் வரிசையாக மிஞ்சியிருப்பது அதனால்தான். அந்தச் சட்டத்துக்கு முந்திய இழப்புகள் பெரியவை. 1878இன் நீதிமன்றத்தை 1955இல் இடித்தார்கள். ஏஞ்சல் ஹாலுக்குப் பின்னால் இருந்த யுனிவர்சிட்டி ஹாலை 1950இல். கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1920களில் குடியிருந்த வீடு அதே பான்டியாக் டிரெயில் தெருவில்தான் இருந்தது. ஹென்றி ஃபோர்டு அதை வாங்கி அப்படியே டியர்பார்னில் தன் கிரீன்ஃபீல்டு வில்லேஜுக்குக் கொண்டுபோய்விட்டார். அதைப் பார்க்க அங்கேதான் டிக்கெட் வாங்க வேண்டும்.

மூன்று நாளை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் வளாகம்: யூனியன் படிகள், ஏஞ்சல் ஹால், 2002 தகடு, ரேக்கம், எல்லாமே நடைதூரம். இரண்டாம் நாள் வானாய்வகம், பிறகு 1886இல் கட்டிய மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். கனமான கருங்கல் கட்டடம், இப்போது உணவகம். சாப்பிட விலை அதிகம், வெளியே நின்று பார்க்கக் காசில்லை. ஆம்ட்ராக் ரயில் இன்றும் பக்கத்திலேயே நிற்கிறது. மூன்றாம் நாள் 4ஆம் எண் பஸ் பிடித்து பக்கத்து ஊரான இப்சிலாண்டி போய்விடுங்கள். 1890இல் கட்டிய 147 அடி தண்ணீர்க் கோபுரமும், அதன் அடியில் கிரேக்க விடுதலைப் போர்த் தளபதி டிமெட்ரியோஸ் இப்சிலாண்டியின் மார்பளவுச் சிலையும் இருக்கின்றன, ஊருக்கு அவர் பெயர்தான். எந்தப் பலகையிலாவது சந்தேகம் வந்தால், அடிவரியோடு சேர்த்துப் போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மூல ஆவணத்தையே பார்க்க ஆசை என்றால் வடக்கு வளாகத்தில் பென்ட்லி வரலாற்று நூலகம் யாருக்கும் திறந்ததுதான். முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சில்தான் கொண்டுபோகச் சொல்வார்கள்.